கண் திறந்த ஒரே படம்

சுகந்திக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கை சாமானியமானதல்ல. உடுமலைப்பேட்டை தளி ரோட்டில் அவள் ஸ்டூடியோ. சுற்றுவட்டாரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ புதுமனைப் புகுவிழாவோ, முதலில் அவளுக்குத் தோதான நாளைக் கேட்டுவிட்டுத்தான் மண்டபத்தைக் கேட்பார்கள். ஐம்பதைத் தாண்டியும் கையில் நடுக்கம் கிடையாது. வாயிலும் கிடையாது. மாப்பிள்ளையின் தாய்மாமனாகவே இருந்தாலும், "ஏனுங்க, வயித்தைக் கொஞ்சம் உள்ள இழுங்க, பொண்ணு மறையுது" என்று மேடையிலேயே சொல்லிவிடுவாள்.

எடுப்பது பாதி, திருத்துவது மீதி என்பது அவள் கட்சி. மணமேடைப் புகையில் சிவந்த கண்ணை வெளுக்க வைப்பாள். பெண்ணின் முகத்துக்கு ஒரு வாரத்துத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுப்பாள். கோபித்துக்கொண்டு ஓரமாக நின்ற சித்தப்பாவை நைசாக நகர்த்திக் குடும்பத்துக்குள் சேர்த்துவிடுவாள். "நடந்ததைக் காட்டறதுக்கு நான் எதுக்கு? நடந்திருக்க வேண்டியதைக் காட்டறேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

இதெல்லாம் தொழில் படங்களுக்கு. சொந்தப் படத்தில் கை வைப்பதில்லை என்று ஒரு விரதம் வைத்திருந்தாள். அப்படிக் கை வைக்கச் சொந்தப் படம் என்று பெரிதாக எதுவும் இருந்ததும் இல்லை. ஊர் முகத்தையெல்லாம் எடுத்தவளுடைய சொந்தப் படங்கள் ஒரே ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் அடங்கிவிட்டன. அதிலும் முக்கால்வாசி, அவள் கணவர் பிரபாகர் வெள்ளைத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பவை.

அது வேலைக்காக எடுத்தது. மணமக்கள் மேடையேறுமுன் அவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் யாராவது நின்று, முகத்துக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணியைப் பிடிக்க வேண்டும். அதை ஒன்று எடுத்துப் பார்த்தால்தான் வெளிச்சம் கைக்குள் வரும். லைட் டெஸ்ட் என்பார்கள். பிரபாகர் கடைசிவரை அவளுக்காக அப்படி நின்றார். விளக்குப் பட்டதும் அவருக்கு இமை இறங்கிவிடும். எத்தனை எடுத்தாலும் கண் மூடியேதான் இருக்கும்.

கண் மூடுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர். குடும்பப் படத்தில் இருபது பேர் நின்றால் இரண்டு பேராவது இமைத்துவிடுவார்கள். அதற்காகவே அடுத்தடுத்து நாலைந்து எடுத்து, திறந்த கண்ணை ஒன்றிலிருந்து வெட்டி இன்னொன்றில் ஒட்டுவது தொழிலில் சகஜம். நாலைந்திலும் மூடியிருந்தால்தான் சிக்கல். அப்போது யாரிடமாவது கடன் வாங்கத்தான் வேண்டும்.

"ஒரே ஒரு படத்துக்காச்சும் கண்ணைத் தொறந்து நில்லுங்க. ஆம்பளைங்களுக்கு ஒட்டறதுக்கு ஒரு நல்ல கண்ணு வேணும்" என்று ஒருநாள் பிரபாகரிடம் சலித்துக்கொண்டாள்.

மறுநாள் அவரே ஒரு படத்தைக் கொண்டுவந்து அவள் கணினியில் போட்டார். "எப்படியோ தொறந்துட்டேன், போ" என்று சிரித்தார். நல்ல கண்தான். நேரான பார்வை, லேசான சுருக்கம், ஓரத்தில் ஒரு கேலி. அன்று முதல் ஊரில் எந்த ஆண் கண்ணை மூடினாலும் பிரபாகர் கண்ணைத் திறந்தார். மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பில் அவர் போனபோது, மாலை போட்டு மாட்டியதும் அந்தப் படத்தைத்தான். அவர் கண் திறந்திருந்த படம் அது ஒன்றுதான்.

அவர் போன சமயத்தில்தான் மறுவுரு ஊருக்குள் வந்திருந்தது. செத்துப்போனவரின் படங்களைக் கொடுத்தால், கோயம்புத்தூரில் இருக்கும் மறுவுரு நிலையத்தில் அதிலிருந்தே ஆளைக் கட்டித் தருவார்கள். வீட்டு ஹாலில், வெறும் வெளிச்சத்தால் ஆன உருவம் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும், கேட்டதற்குப் பதில் சொல்லும். செல்போன் படங்களைவிட ஸ்டூடியோ படங்களில் நன்றாக வரும் என்பதால் உடுமலைக்காரர்கள் சுகந்தியின் ஆல்பங்களைத்தான் அனுப்பினார்கள். அவளும் பிரபாகரின் படங்களை நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தாள். அங்கே வேலை பார்க்கும் ரிஸ்வானா என்ற பெண் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்.

"எல்லாமே ஒரே மாதிரி நிக்கிற படம் மேடம். ஒண்ணு தவிர எதுலயும் கண்ணு தெரியல. உருவம் வரும், ஆள் வர மாட்டார்."

சுகந்தி இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் முகூர்த்தம் இருந்தது, போய்விட்டாள்.

இதெல்லாம் முடிந்து, ஊரே மறுவுருவுக்குப் பழகிப்போன பிறகு, ஒரு காலையில் வனிதாமணி ஸ்டூடியோவுக்கு வந்தாள். ஏரிப்பாளையத்துக்காரி. அவள் மகன் நிரஞ்சன் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கிறவன். போன வருடம் கோபுரத்திலிருந்து விழுந்து இறந்துபோனான். மறுவுரு வீட்டுக்கு வந்து சில மாதம் ஆகியிருந்தது.

"அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க. பையன் வந்துட்டான். ஆனா என்ற பையன் மாதிரி இல்லீங்க்கா."

"மூக்கா, வாயா, எது சரியில்ல? சொல்லு. என்ற படத்துல கோளாறு இருக்காது."

"மூஞ்சியெல்லாம் அவனேதான். இன்னும் அழகாவே இருக்கறான். பாக்கறதுதான் சரியில்லீங்க. அளவெடுக்கற மாதிரி பாக்கறான். தாடையை எறக்கு, வெளிச்சத்துக்குத் தள்ளி வான்னு சொல்லப்போற மாதிரியே இருக்குது."

சுகந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போட்டோ எடுக்கறவ படத்துல கட்டினா அப்படித்தான் இருக்குமாட்டம்" என்றாள். வனிதாமணி சிரிக்கவில்லை. கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சுகந்தி அவளோடு கிளம்பினாள்.

வீட்டில் ஜன்னலோர நாற்காலியில் நிரஞ்சன் உட்கார்ந்திருந்தான். அவன் அக்காவின் கல்யாணத்தில் போட்ட நீலச் சட்டை. அந்தக் கல்யாணத்தை எடுத்ததும் சுகந்திதான்.

"வாங்க ஆன்ட்டி" என்றான்.

"பெல்ட்டு போட்டயா சாமி?" என்று வனிதாமணி கேட்டாள். கோபுரம் ஏறுமுன் தினமும் அவன் வீடியோவில் கூப்பிடுவான், அவள் தினமும் பாதுகாப்புப் பெல்ட்டைப் பற்றித்தான் கேட்பாள் என்று சுகந்தியின் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"போட்டேன்மா" என்றான் நிரஞ்சன்.

"பாத்தீங்களா? போட்டேன்னு சொல்றப்ப பாதி நாள் போட்டிருக்க மாட்டான். பொய் சொன்னான்னா கண்ணு படபடன்னு அடிச்சுக்கும். சின்னதுலேருந்தே அப்படித்தான். போட்டோன்னாலும் அடிச்சுக்கும், சிரிக்கச் சொன்னாக்கூட அவனுக்கு அது பொய்தான். இப்பப் பாருங்க, ஒரு தடவை அடிக்குதா?"

சுகந்தி பார்த்தாள். நிரஞ்சன் நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். லேசான சுருக்கம். ஓரத்தில் ஒரு கேலி.

உட்கார்ந்திருந்தது நிரஞ்சன். பார்த்துக்கொண்டிருந்தது பிரபாகர். சுவரில் மாலைக்குள் அசையாமல் நின்ற கண், இங்கே திரும்புகிறது, தாழ்கிறது, அவள் நகர்ந்தால் கூடவே நகர்கிறது. ஆள் வர மாட்டார் என்றார்களே, ஏரிப்பாளையத்தில் யாரோ ஒருத்தர் வீட்டு ஜன்னலோரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாரே!

"என்னன்னு பாக்கறேன் வனிதா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நிரஞ்சனின் எல்லாப் படங்களிலும் அவள்தான் கண்ணை ஒட்டியிருந்தாள். ஒன்றில்கூட அவன் கண் திறந்து நின்றதில்லை.

அடுத்து வந்த நாட்களில் சுகந்தி செய்த காரியத்தை அவளே பிறகு நினைத்துச் சிரித்ததுண்டு. கண்ணை ஒட்டிய ஆண்களில் யார் யார் இறந்துபோனார்கள், யார் வீட்டில் மறுவுரு இருக்கிறது என்று விசாரித்து, ஆல்பம் ஓரம் பிரிந்திருக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனாள். நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போனாள். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வீட்டில் பிரபாகர் பேப்பருக்கு மேலாகப் பார்த்தார். அரிசி மண்டிக்காரர் வீட்டில் மீசைக்கு மேலிருந்து பார்த்தார். சந்தோஷத்தில் அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். மண்டிக்காரரின் மனைவி மட்டும் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்க, எங்க வீட்டுக்காரரு உங்களைக் கண்டா மட்டும் ஒரு மாதிரி பாக்கறாரே?"

"படம் எடுத்த மொகமில்லீங்களா, ஞாபகம் இருக்கும்" என்று சொல்லிக் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

வந்த கையோடு ரிஸ்வானாவைக் கூப்பிட்டாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

"கண்ணுலேருந்துதான் மேடம் நாங்க ஆளைக் கட்ட ஆரம்பிக்கிறோம்" என்றாள் ரிஸ்வானா. "பார்வை எப்படியோ அப்படித்தான் பேச்சும் அசைவும் வரும். வேற ஒருத்தர் கண்ணு உள்ள போயிட்டா, முகம் இவங்களோடது, பார்க்கிறது அவங்க. நிரஞ்சனோட திருத்தாத படங்கள் இருக்கா?"

"இருக்குது. எல்லாத்துலயும் கண்ணு மூடித்தான் இருக்கும்."

"பரவால்ல. இமை எப்படி மூடுதுன்னு தெரிஞ்சா எப்படித் திறக்கும்னு நாங்க எடுத்துக்குவோம். ஆனா அது மட்டும் போதாது. எந்தக் கண்ணை நீக்கணும்னு காட்டுறதுக்கு நீங்க கண் எடுத்த அந்த முதல் படம் வேணும். அவர் இறந்து வருஷம் திரும்புறதுக்குள்ள குடுக்கணும் மேடம். அதுக்கு மேல வீட்டுல கேட்டாலும் உருவத்துல யாரும் கை வைக்க முடியாது."

வருஷம் திரும்ப இன்னும் சில நாள்தான் இருந்தது.

"அந்த ஒரு வீட்டுல மட்டும் எடுத்தா போதுமில்ல அம்மணி?"

"முடியாது மேடம். வேற ஆளோட கண்ணுன்னு பதிவாயிட்டா, வருஷம் தாண்டியிருந்தாலும், எந்தெந்த வீட்டுல இருக்கோ அத்தனையிலயும் எடுத்துடணும். சட்டம் அப்படி."

சுகந்தி சுவரிலிருந்த மாலைப் படத்தைப் பார்த்தாள். "அந்தப் படம் தொலைஞ்சு போயிருந்தா?"

ரிஸ்வானாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் குரல் தணிந்தது. "தொலைஞ்சு போச்சுன்னு நீங்க சொன்னா நான் ஒண்ணும் கேக்க முடியாது. அந்தப் பையன் இப்படியேதான் இருப்பாரு."

தொலைந்து போய்விட்டது என்று சொல்ல ஒரு விநாடி போதும். யாருக்கு என்ன நஷ்டம்? ஹெட்மாஸ்டர் வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை. மண்டிக்காரர் வீட்டில் ஒரு சந்தேகம், அவ்வளவுதான். வனிதாமணிக்கும் நாளடைவில் பழகிவிடும். ஊர் முழுக்கக் கண்ணைக் கடன் கொடுத்த மனுஷன், அந்த வீடுகளிலாவது உயிரோடு பார்த்துக்கொண்டிருக்கட்டுமே! சுகந்திக்கு இந்த நியாயம் ரொம்பப் பிடித்திருந்தது. தான் திருத்திய படத்தைப் பார்ப்பதுபோல் அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிரஞ்சனின் வருஷத் திதிக்கு அழைக்க வனிதாமணி வந்தாள். சுகந்தி ஏதோ சாக்குச் சொல்ல வாயெடுக்குமுன் அவளே பேசிவிட்டாள்.

"பரவால்ல விடுங்க்கா. உங்களைப் போட்டுப் படுத்தறேன். இப்பல்லாம் நானே அவனைப் பெல்ட்டைப் பத்திக் கேக்கறதில்ல."

"ஏன் வனிதா?"

"போட்டேன்னு சொல்றான். கண்ணு அடிக்காம, நம்பற மாதிரி சொல்றான். கேட்டுக் கேட்டு எனக்கே நம்பிக்கை வந்துருச்சு, அன்னைக்குப் போட்டுத்தான் இருந்தான்னு." வனிதாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "போட்டிருந்தா அப்பறம் எப்படிங்க்கா விழுந்தான்? ராத்திரியெல்லாம் அதே யோசனை. யாராச்சும் அறுத்து விட்டாங்களா, பெல்ட்டே சரியில்லையா, யாரைத் திட்டறதுன்னு தெரியல. அவன் பொய் சொல்றான்னு தெரிஞ்சாத்தானே நான் அவனைத் திட்ட முடியும்? பெத்தவளுக்குத் திட்டறதுக்காச்சும் புள்ளை வேணுமில்லீங்க?"

சுகந்தி தண்ணீர் கொடுத்தாள். வனிதாமணி குடித்துவிட்டுப் போனதும் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, மாலை போட்ட படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க" என்றாள். "இத்தனை நாள் அந்தப் புள்ளைக்குப் பதிலா நீங்க பார்த்தது போதும்."

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து, அந்தப் படம் இருந்த ஃபோல்டரை அப்படியே, நிரஞ்சனும் மற்ற வீட்டுக்காரர்களும் இருந்த திருத்தாத படங்களோடு சேர்த்து ரிஸ்வானாவுக்கு அனுப்பினாள். அனுப்பி முடித்ததும் கடைக் கதவை முழுசாக இறக்கிப் பூட்டினாள்.

வருஷத்தன்று காலை ஏரிப்பாளையத்தில் படையலெல்லாம் முடிந்தபின் வனிதாமணி சுகந்தியின் கையைப் பிடித்து ஜன்னலோரத்துக்கு அழைத்துப் போனாள். நிரஞ்சன் அதே நீலச் சட்டையில் இருந்தான். ஆனால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான், சுகந்தியின் பையிலிருந்த கேமராவைப் பார்த்ததும் பாதி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பெல்ட்டு போட்டயா சாமி?"

"போட்டேன்மா" என்றான். இமை படபடவென்று அடித்துக்கொண்டது.

"பொய்யி!" வனிதாமணி வீடே அதிரக் கத்தினாள். "பச்சைப் பொய்யி! எத்தனை தடவைடா சொன்னேன் உனக்கு, எத்தனை தடவை சொன்னேன்!" ஒரு வருஷத்துத் திட்டையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே போட்டுக்கறேன்மா" என்றான். கண் மறுபடி அடித்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "பாருங்க்கா, இதுவும் பொய்யி. இவன்தானுங்க. இவன்தான் என்ற பையன்."

சுகந்தி ஒரு படம் எடுத்தாள். எடுத்ததைத் திருத்தப்போவதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. போகிற வழியில் மண்டிக்காரர் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தாள். மீசைக்கு மேலே இப்போது மண்டிக்காரரே பார்த்தார். வாடிக்கையாளர் வந்தால் பார்க்கும் பார்வை. சுகந்தி தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். செய்தது சரிதான் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

ஸ்டூடியோவைத் திறக்கும்போது ரிஸ்வானா கூப்பிட்டாள்.

"எல்லா வீட்டுலயும் சரி பண்ணியாச்சு மேடம். ஆனா ஒரு விஷயம். நீங்க அனுப்பின படத்துலயும் கண்ணு ஒட்டினதுதான்."

"எந்தப் படத்துல?"

"உங்க வீட்டுக்காரர் படத்துல. ஒட்டினதுக்கு அடியில இருக்கிற லேயர்ல, அசல் படத்துல, அவருக்குக் கண்ணு மூடித்தான் இருக்கு."

சுகந்திக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சொந்தப் படத்துல நான் கை வைக்கறதில்ல அம்மணி. அது எனக்கே தெரியாதா?"

"நீங்க வைக்கல மேடம். அவர் வச்சிருக்கார். நீங்க அனுப்பின ஃபோல்டர்லயே அடுத்த ஃபைல்லேருந்து எடுத்திருக்கார். அந்தப் படத்துல ஒரு லேடி. கழுத்துல கேமரா தொங்குது." ரிஸ்வானா கொஞ்சம் தயங்கினாள். "நீங்கதான் மேடம்."

பேசி முடித்ததும் சுகந்தி கணினி முன்னால் உட்கார்ந்து டிஸ்க்கில் அடுத்த ஃபைலைத் திறந்தாள். அவர் துண்டைப் பிடிக்கும் இடத்தில் அவள் நிற்கிறாள். வெள்ளைத் துண்டு அவள் கையில். எப்போதோ விளையாட்டாக அவள் கையில் கொடுத்து நிற்கவைத்து, இன்னொரு கேமராவில் அவர் எடுத்தது. எடுத்ததே அவளுக்கு ஞாபகமில்லை. ஊரையே படமெடுத்தவளை யாரும் எடுத்ததில்லை, அவளும் தன் முகத்தைத் தேடிப் பார்த்ததில்லை. பிறகு எப்படித் தெரியும், தான் இப்படிப் பார்க்கிறவள் என்று?

லேசான சுருக்கம். ஓரத்தில் ஒரு கேலி. வெளிச்சத்தை அளக்கிற பார்வை, எதிரே நிற்கிற மனுஷனை ஆசையாகவும் அளக்கிறது. இதைத்தான் அவர் எடுத்து வைத்திருந்தார். கண்ணைத் திறக்கச் சொன்னபோது தன்னிடமிருந்த நல்ல கண்ணாக இதைத்தான் கொடுத்தார். மூன்று வருடமாக மாலைக்குள்ளிருந்து அவர் பார்ப்பதாக அவள் நினைத்தது, அவரை அவள் பார்த்த பார்வை.

அழுது முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு பழக்கத்தில் கை தானாகத் திருத்தப் போனது. கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது, நெற்றியில் வியர்வை, காதோரம் பறக்கும் முடி. கையை எடுத்துக்கொண்டாள். இரண்டு படங்களை அப்படியே பிரிண்ட் போட்டாள். ஒன்று, துண்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிச் சிரிக்கும் பிரபாகர். இன்னொன்று அவள். சுவரிலிருந்த பழைய படத்தைக் கழற்றிவிட்டு இரண்டையும் எதிரெதிரே மாட்டினாள்.

கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று, வாடிக்கையாளர் கொண்டுவந்த படத்தைப் பார்ப்பதுபோல் தன் படத்தைப் பார்த்தாள். துண்டு சாய்ந்திருந்தது. தோள் வெட்டுப்பட்டிருந்தது. பின்னால் யாரோ ஒருவரின் முழங்கை தெரிந்தது.

"ஒண்ணுமே சரியில்ல போங்க" என்றாள் கண் மூடியிருந்த கணவரைப் பார்த்து. "ஆனா ஃபோகஸை மட்டும் கரெக்டா கண்ணுல வச்சிருக்கீங்க."